ஒரே வேலிக்குள் நின்றும் சேராத உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் பல வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். அதனால் எழுத்துப் பாடம் முடிந்ததும் பேச்சு செடி, பறவை, மிருகம் என்று போய்விடும். "டீச்சர், ஆடும் செம்மறியும் ஏன் சேர்ந்து குட்டி போடுவதில்லை?" என்று ஒரு பையன் ஆரம்பித்தான். அடுத்த வாரம் பெற்றோர்களும் கேள்வியோடு வந்துவிட்டார்கள். அப்படிச் சேர்ந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனப்பெருக்கத் தடை என்றால் என்ன?

ஒரு சிற்றினத்தைச் சேர்ந்த உயிர் இன்னொரு சிற்றினத்தோடு கலந்து, பிழைத்து வளரக்கூடிய, மேலும் பெருகக்கூடிய வாரிசைத் தராதபடி தடுக்கும் எல்லாமே இனப்பெருக்கத் தடைதான். சிற்றினம் என்பதற்கே இதை வைத்துத்தான் 1942-இல் எர்ன்ஸ்ட் மயர் என்ற உயிரியலாளர் விளக்கம் சொன்னார்: தங்களுக்குள் கலந்து பெருகும், மற்றக் கூட்டங்களோடு அப்படிக் கலக்காத கூட்டம் ஒரு சிற்றினம்.

பலரும் இதை ஒரே பெரிய மதில்சுவர் என்று நினைக்கிறார்கள். இங்கே நேட்டாலில் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் ஒரு கம்பிவேலி, உள்ளே ஒரு முள்வேலி, அப்புறம் பட்டியின் மரவேலி. இயற்கையிலும் அப்படித்தான், ஒன்றன்பின் ஒன்றாக வேலிகள். வாழும் இடம் வேறு, பூக்கும் நேரம் வேறு, கூப்பிடும் குரல் வேறு, உறுப்பின் அமைப்பு வேறு, விந்தும் முட்டையும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது வேறு. இவை கரு உண்டாவதற்கு முந்திய தடைகள். இத்தனையையும் தாண்டிக் கரு உண்டானால்கூட அது வயிற்றிலேயே கலையலாம், பிறந்தது மலடாகலாம், அல்லது அதன் பிள்ளைகள் தலைமுறையில் பலவீனம் தெரியலாம். இவை பிந்திய தடைகள்.

ஒவ்வொரு வேலியும் தனியாகப் பார்த்தால் மெல்லியதாக இருக்கலாம். வெளிவேலியை மனிதன் பிடுங்கிப் போடும்போதுதான் உள்வேலி எவ்வளவு தாங்கும் என்று தெரிகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

மழைக்காலத்தில் ஒரே குட்டையில் நாலைந்து வகைத் தவளை கத்துகின்றன. அவை கலந்துவிடாதா?

இருட்டில் பெண் தவளை கண்ணை நம்பி வருவதில்லை. காதை நம்பி வருகிறது. நம் கடற்கரைப் பகுதிச் சதுப்புகளில் நாணல் தவளைகள் உண்டு. உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக இருக்கும் ஒன்று கூரிய சின்ன விசில் அடிக்கும். இன்னொன்று தட்டான் தகரத்தைத் தட்டுவதுபோல் டக் டக் என்று சத்தமிடும். குவாசுலு-நேட்டால் கடலோரத்தில் மட்டுமே வாழும் பிக்கர்ஸ்கில் நாணல் தவளை, பூச்சி கிறீச்சிடுவதுபோல் மெல்லக் கூப்பிடும். அருகிவரும் உயிர் அது. பெண் தவளையின் காது தன் இனத்தின் குரலுக்கென்றே அமைந்தது. ஆண்கள் சில சமயம் கிடைத்ததைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம். பெண் எந்தக் குரலை நோக்கிப் போகிறாள் என்பதில்தான் தடை இருக்கிறது.

ஒரு முறை பேரப்பிள்ளைகளோடு ஒரு சதுப்பின் ஓரம் இருட்டில் உட்கார்ந்து பாருங்கள். கால் மணி நேரத்தில் குரல்களைப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பூவுக்குக் காதும் இல்லை காலும் இல்லை. அது எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

தூது போகிறவனைத் தேர்ந்தெடுக்கிறது. கேப் டவுனின் டேபிள் மலையில் கோடைக் கடைசியில் டைசா என்னும் சிவப்பு ஆர்க்கிட் பூக்கும். அதற்கு மகரந்தம் சுமப்பது சிவப்பு நிறத்தைத் தேடிப் போகும் ஒரு பெரிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி. பக்கத்தில் வெள்ளையாக வேறு ஆர்க்கிட் பூத்தாலும் அது அங்கே போவது அபூர்வம். கேப் பகுதியில் பகலில் பழுப்பாக இருந்து, அந்தி சாய்ந்ததும் ஊதா கலந்த நிறத்துக்கு மாறி வாசம் வீசும் கிளாடியோலஸ் ஒன்றும் உண்டு. அதன் தூதன் இரவு அந்துப்பூச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது நீள்மூக்கு ஈ. மேற்குக் கடற்கரையில் வாழும் ஒரு ஈயின் உறிஞ்சுகுழல் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். உடம்பைவிடப் பல மடங்கு. அந்த நீளத்துக்கு ஏற்ற குழல்பூக்கள் அங்கே பல இனத்தில் இருக்கின்றன. ஒரே ஈ எல்லாப் பூவுக்கும் போனால் மகரந்தம் குழம்பிவிடாதா? அங்கேதான் நுட்பம். ஒரு பூ மகரந்தத்தை ஈயின் தலையில் ஒட்டும், இன்னொன்று மார்பின் அடியில், வேறொன்று குழலின் மேலேயே. ஒரு தபால்காரர் வெவ்வேறு தெருவின் கடிதங்களை வெவ்வேறு பையில் சுமப்பதுபோல. தூதன் ஒன்று, சரக்கு கலப்பதில்லை.

காற்றிலோ பூச்சி வழியாகவோ வேறு செடியின் மகரந்தம் வந்து விழுந்துவிட்டால்?

தினமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பூவின் பெண்ணுறுப்பின் நுனியான சூலகமுடியின் மேல் விழுந்த மகரந்தம் முளைத்து, மெல்லிய குழாயாக நீண்டு, சூலை எட்ட வேண்டும். பெரும்பாலும் அந்நிய மகரந்தம் முளைப்பதே இல்லை, அல்லது குழாய் பாதி வழியில் நின்றுவிடும். இரண்டு பரப்புகளிலும் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கடலில் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும் கடல் முள்ளெலிகளிலும் இதே கதைதான்: முட்டையின் மேல்தோல் தன் இனத்து விந்தை மட்டும் ஒட்டவிடும்.

கோவேறு கழுதை ஏன் குட்டி போடுவதில்லை? வரிக்குதிரையும் கழுதையும் சேர்ந்தால்?

குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபைச் சுமக்கும் இழை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று வந்து கோவேறு கழுதைக்கு 63. அந்த விலங்கு நன்றாக வளர்கிறது, பாரம் இழுக்கிறது, பெற்றோரைவிட உறுதியாகவும் இருக்கிறது. சிக்கல் விந்தோ முட்டையோ உண்டாகும்போது வருகிறது. அப்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நின்று பிரிய வேண்டும். 63-ஐ எப்படி ஜோடி சேர்ப்பது? எண்ணிக்கை மட்டுமில்லை, குதிரைக் குரோமோசோமும் கழுதைக் குரோமோசோமும் அமைப்பிலும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை. பெண் கோவேறு கழுதை குட்டி ஈன்றதாக மிக அபூர்வமாகச் செய்திகள் உண்டு. ஆண் எப்போதும் மலடுதான்.

வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் குட்டி பிறக்கும், அதுவும் மலடு. நம் நாட்டிலேயே இரண்டு வகை வரிக்குதிரை இருக்கிறது. சமவெளி வரிக்குதிரைக்கு 44 குரோமோசோம், மலை வரிக்குதிரைக்கு 32. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், ஒரே வேலிக்குள் வைத்த சில பூங்காக்களில் கலப்புக் குட்டிகள் பிறந்திருப்பது மரபணுச் சோதனையில் தெரிய வந்தது. கேப் மலை வரிக்குதிரை ஒரு காலத்தில் நூறுக்கும் கீழே போன இனம் என்பதால், அதைச் சமவெளிக் கூட்டத்திலிருந்து தள்ளி வைப்பது முக்கியம்.

கலப்பில் ஆண் மட்டும் மலடாவது ஏன்?

எப்போதும் ஆண் என்று இல்லை. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்கள் இரண்டும் எந்தப் பாலில் வேறுபட்டு இருக்கிறதோ அது முதலில் அடிபடும் என்று 1922-இல் ஹால்டேன் என்ற மரபியலாளர் கவனித்தார். பாலூட்டிகளில் அது ஆண். பறவையிலும் வண்ணத்துப்பூச்சியிலும் அது பெண். சிங்கம்-புலிக் கலப்பில் ஆண் மலடு, பெண் சில சமயம் குட்டி போடும். இந்த ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து புவனேஸ்வரில் 1964-இல் காலமானார் என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆடும் செம்மறியும்? கோழியும் கின்னிக்கோழியும்?

ஆட்டுக்கு 60, செம்மறிக்கு 54. சேரும், கருவும் உண்டாகும், ஆனால் பெரும்பாலும் வயிற்றிலேயே கலைந்துவிடும். கோழிக்கும் கின்னிக்கோழிக்கும் எப்போதாவது குஞ்சு பொரிக்கும். விநோதமான தோற்றத்தில் வளரும், முட்டைக்கு உதவாது.

வில்டபீஸ்ட் மிருகத்தைப் பண்ணையில் கலக்கவிடக் கூடாது என்று சட்டம் பேசுகிறார்களே, எதற்கு?

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் மாகாணத்திலேயே நடந்தது.

வில்டபீஸ்ட் என்பது மாடுபோலத் தெரியும் ஒரு மான்வகை. அதில் இரண்டு இனம். நீல வில்டபீஸ்ட் புதர்க்காட்டு ஆள். கூட்டமாக இடம் பெயரும். கறுப்பு வில்டபீஸ்ட் வெள்ளை வாலோடு, மேட்டுநிலத் திறந்த புல்வெளியில் வாழும்; தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இருந்ததில்லை. அதன் ஆண் நாலாபுறமும் பார்வை எட்டும் வெளியில் நின்று தன் எல்லையைக் காக்கும். புதர் வளர்ந்த இடத்தில் அந்த வழக்கம் எடுபடாது. ஆக, இரண்டையும் பிரித்துவைத்தது வாழும் இடமும் நடத்தையும். குரோமோசோம் இரண்டுக்கும் 58தான். உள்வேலி என்று அங்கே எதுவும் பெரிதாக இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டையாடிக் கறுப்பு வில்டபீஸ்டைச் சில நூறாகக் குறைத்துவிட்டார்கள். ஃப்ரீ ஸ்டேட் பண்ணைக்காரர்கள் சிலர் தங்கள் நிலத்தில் காப்பாற்றி வைத்ததால்தான் இனம் பிழைத்தது. அப்புறம் வேட்டைப் பண்ணைத் தொழில் பெருகியது. வருகிற விருந்தாளிக்கு எல்லா மிருகமும் காட்ட வேண்டும் என்று இரண்டையும் ஒரே வேலிக்குள் விட்டார்கள். துணை இல்லாமல் நின்ற ஆண், எதிர் இனத்துப் பெண்களோடு சேர்ந்தது. பிறந்த குட்டிகள் மலடு இல்லை; அவை திரும்பவும் கறுப்புக் கூட்டத்தோடு சேர்ந்தன. லேடிஸ்மித் பக்கம் ஸ்பியன்கோப் காப்பகத்தில் இப்படி உண்டான கூட்டத்தின் மண்டையோடுகளை ஆராய்ந்தபோது, பல் வரிசையிலும் எலும்பு இணைப்புகளிலும் வழக்கத்துக்கு மாறான கோளாறுகள் இருந்தன.

வெளியே பார்த்தால் கலப்பு தெரியாது என்பதுதான் ஆபத்து. இரண்டு மூன்று தலைமுறை போனால் அது கறுப்பு வில்டபீஸ்ட் போலவே நிற்கும். அதை இன்னொரு பண்ணை வாங்கிப் போகும். வேட்டையிலிருந்து தப்பிய ஒரு இனம் இப்படிச் சத்தமில்லாமல் கரைந்துபோவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் அதிகாரிகள் இரண்டையும் ஒன்றாக வைக்க அனுமதி தரத் தயங்குகிறார்கள். தயங்கட்டும்.

கேப் டவுனில் வாத்துகளுக்கும் இதே நிலை. வெளிநாட்டிலிருந்து அழகுக்குக் கொண்டுவந்த மல்லார்ட் வாத்து, நம் மஞ்சள் அலகு வாத்தோடு கலந்து வளமான குஞ்சுகளைத் தருகிறது. வீட்டுப் பூனைக்கும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைக்கும் தடை அநேகமாக இல்லை, ஏனென்றால் காட்டுப்பூனைதான் வீட்டுப் பூனையின் முன்னோர். காட்டோரம் குடியிருப்பவர்கள் பூனைக்குக் கருத்தடை செய்துவிடுவது நல்லது.

நம் முன்னோர் வெட்டிய கரும்பும் கலப்பினம்தான் என்கிறார்களே?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் கரும்புக்காகத்தான் வந்தார்கள். என் ஆயா மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தப் பதிலை எழுதும்போது அவர் நினைவுதான்.

இனிப்புக் கரும்பு தடியானது, சாறு நிறைந்தது, ஆனால் நோய்க்கும் குளிருக்கும் தாங்காது. காட்டில் வளரும் நாணல்போன்ற கரும்பு மெலிந்தது, இனிப்பில்லாதது, ஆனால் எதையும் தாங்கும். இவை இரண்டு வெவ்வேறு சிற்றினங்கள். இரண்டையும் கலக்க முடியும் என்பதைக் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நிரூபித்தார்கள். 'வெள்ளை' என்ற நாட்டுக் கரும்பையும் கோவையின் காட்டுக் கரும்பையும் கலந்து பிறந்தது கோ 205; 1918-இல் வெளிவந்தது. அங்கேயே 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். புல் குடும்பத்தில் தடைகள் எவ்வளவு நெகிழும் என்பதற்கு அது சாட்சி.

சரி, நேட்டாலுக்கும் கோவைக்கும் என்ன தொடர்பு? நேட்டாலில் கரும்பு பூப்பதே குறைவு. பூத்தாலும் இரவுக் குளிரில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அதாவது இங்கே ஒரே இனத்துக்குள்ளேயே பருவநிலை ஒரு தடையாக நின்றது. அதனால் கோவையில் கலப்புச் செய்து, பஞ்சுபோன்ற அந்த விதையை இங்கே அனுப்பினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம் ஆராய்ச்சி நிலையம் அதை முளைக்க வைத்துத் தேர்ந்தெடுத்தது. 1945-இல் விவசாயிகள் கைக்கு வந்த ரகத்தின் பெயர் என்கோ 310. என் என்றால் நேட்டால், கோ என்றால் கோயம்புத்தூர். தைவான், ஒகினாவா, லூசியானா வரை அது போனது. 1955-இல் வந்த என்கோ 376 அதே பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்பு. பல பத்தாண்டு நம் கரும்புக்காடுகளை நிறைத்து நின்றது. பின்னாளில் மவுண்ட் எட்ஜ்கோமிலேயே சூடேற்றிய கண்ணாடி வீட்டில், பகல் நீளத்தைக் கட்டுப்படுத்திக் கரும்பைப் பூக்க வைத்தார்கள்.

ஆயா வெட்டிய கரும்பின் விதை அவருடைய தாத்தா விட்டுவந்த மண்ணிலிருந்து கடல் தாண்டி வந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

கரும்பு கலப்பினமாக இருந்தும் எப்படித் தொடர்ந்து வளர்கிறது? வாழையில் ஏன் விதை இல்லை?

செடிக்கு விலங்குக்கு இல்லாத ஒரு வசதி: விதை இல்லாமலே பெருகலாம். கரும்பைக் கரணையாக நடுகிறோம், வாழையைக் கன்றாக நடுகிறோம். நாம் சாப்பிடும் பெரும்பாலான வாழைக்கு 11 குரோமோசோம் கொண்ட தொகுப்பு மூன்று, மொத்தம் 33. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது, அதனால் விதை முற்றாது. பூவன், மொந்தன் எல்லாம் இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பு. கோயில் வாசலில் நாம் கட்டும் வாழைமரம் அநேகமாக ஒரு மலட்டுக் கலப்பினம்தான். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. மனிதன் கன்று பிரித்து நட்டு நட்டு ஆயிரக்கணக்கான ஆண்டு உயிரோடு வைத்திருக்கிறான்.

குரோமோசோம் தொகுப்பு அப்படியே இரட்டித்துவிட்டால் மலடு நீங்கி, ஒரே அடியில் புதிய சிற்றினம் உண்டாவதும் உண்டு. ரொட்டிக் கோதுமை அப்படி வந்தது. மூன்று புல்லினங்களின் தொகுப்பு சேர்ந்து 42.

அப்படியானால் மனித இனங்களுக்கு இடையிலும் ஏதாவது தடை உண்டா?

கிடையாது. இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மேலே எழுதிய எந்தத் தடையும், முந்தியதோ பிந்தியதோ, மனிதர்களுக்குள் இல்லை. நாம் எல்லோரும் ஒரே சிற்றினம்.

இந்த நாட்டில் 1949-இல் கலப்பு மணத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1985 வரை இருந்தது. 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நம் குடும்பங்களைப் பெயர்த்து இந்த சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இயற்கையில் தடை இருந்திருந்தால் சட்டம் எதற்கு? வகுப்பில் ஒரு சிறுமி இதையே கேட்டாள். அவள் கேட்டது சரி.

டர்பன் பொட்டானிக் கார்டனில் துணை இல்லாத மரம் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள். பெயர் என்செஃபலார்டோஸ் வூடியை. பனைபோலத் தெரியும், ஆனால் சைக்காட் குடும்பம். டைனோசர் காலத்துப் பரம்பரை. 1895-இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் ஓங்கோயே காட்டில் இதைக் கண்டார். ஒரே ஒரு மரம், பல தண்டுகளோடு, ஆண் மரம். பக்கக் கன்றுகளையும் தண்டுகளையும் டர்பனுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். 1916-இல் கடைசித் தண்டையும் காட்டிலிருந்து எடுத்தார்கள். அதன்பின் எவ்வளவு தேடியும் பெண் மரம் கிடைக்கவில்லை. இன்று உலகத்தில் எங்கே வூடியை இருந்தாலும் அது அந்த ஒரே ஆணின் நகல்.

சைக்காட்டில் ஆண் கூம்பும் பெண் கூம்பும் தனித்தனி மரத்தில் வரும். கூம்பு சூடாகி வாசம் விடும். அந்த வாசத்துக்கு வண்டுகள் மகரந்தத்தோடு வரும். பெண் கூம்பு திறந்திருப்பது சொற்ப நாள்தான். வண்டும் நேரமும் தூரமும்தான் இவற்றுக்கிடையே பெரிய தடைகள். கையால் மகரந்தம் தூவினால் வேறு இனங்கள் சுலபமாகக் கலக்கின்றன. அதனால் வூடியையின் மகரந்தத்தை அதன் நெருங்கிய உறவான நேட்டால் சைக்காட்டின் பெண் கூம்பில் தூவி, பிறந்த பெண் கலப்பை மறுபடியும் வூடியையோடு சேர்க்கிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை வூடியையின் பங்கு கூடும். ஆனால் முழு வூடியை ஆகாது.

வில்டபீஸ்ட் விஷயத்தில் கலப்பு கூடாது என்றேன், இங்கே கலப்பை ஏன் ஆதரிக்கிறேன் என்று ஒரு தாயார் கேட்டார். கறுப்பு வில்டபீஸ்டுக்குத் தன் இனத்துத் துணை இருக்கிறது. வேலியைச் சரியாகப் போட்டால் போதும். வூடியைக்கு வேறு வழி இல்லை.

வீட்டில் சைக்காட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அனுமதிச்சீட்டு இல்லாமல் நாட்டுச் சைக்காட்டை வாங்கவோ விற்கவோ கூடாது. காட்டில் திருடித்தான் பலதும் சந்தைக்கு வருகிறது.

மாமரத்தில் ஒட்டுப் போடுவதும் கலப்புதானா?

இல்லை. ஒட்டில் மகரந்தமும் சூலும் சேர்வதில்லை. மேல்கிளை தன் இனமாகவே இருக்கும், அடிமரம் தன் இனமாகவே இருக்கும்.

பாகற்கொடி பக்கத்தில் இருந்தால் சுரைக்காய் கசக்கும் என்பது உண்மையா?

இல்லை. பாகலும் சுரையும் கலக்காது. கலந்தாலும் காயின் சதை தாய்ச் செடியுடையது. கலப்பின் குணம் உள்ளே இருக்கும் விதையில்தான், அடுத்த பயிரில்தான் தெரியும். சுரைக்காய் கசப்பது அதன் சொந்த மரபிலிருந்தோ, வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்த வாட்டத்தாலோ வருவது. கசக்கும் சுரைக்காயைச் சமைக்கவே வேண்டாம். அந்தக் கசப்பு வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும் நஞ்சு.

பிள்ளைகளுக்கு வீட்டுத் தோட்டத்திலேயே காட்ட ஏதாவது வழி உண்டா?

பீர்க்கும் நுரைப்பீர்க்கும் பக்கத்தில் பக்கத்தில் நடுங்கள். செப்டம்பர் கடைசியில் விதைத்தால் கோடையில் பூக்கும். இரண்டும் நெருங்கிய உறவு, இரண்டுக்கும் 26 குரோமோசோம். ஆனால் பீர்க்கம்பூ மாலையில் விரியும், நுரைப்பீர்க்கம்பூ விடியலில் விரியும். நடுவில் நிற்கும் முதல் வேலி நேரம்தான், அதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் கலந்து பாருங்கள். மறுநாள் விடியலில் விரியப்போகும் நுரைப்பீர்க்கின் பெண் மொட்டை முந்தின நாளே காகிதப் பையால் மூடி நூலால் கட்டுங்கள்; மொட்டுக்கு அடியில் குட்டிக் காய் இருப்பதுதான் பெண். அன்று மாலை விரிந்த பீர்க்கின் ஆண்பூவைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காலையில் பையைப் பிரித்து, மகரந்தத்தைத் தடவி, மறுபடி கட்டி, தேதி எழுதிய துண்டைத் தொங்கவிடுங்கள். ஐந்தாறு பூவிலாவது செய்யுங்கள், சிலது உதிரும். காய் பிடித்தால் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு, விதையை எடுத்து அடுத்த செப்டம்பரில் விதையுங்கள். வருகிற கொடி காலையில் பூக்கிறதா மாலையில் பூக்கிறதா என்று பிள்ளைகளையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.